நியூயார்க் மாநிலத்து விமானப்படைக்கு தென் துருவத்தில் என்ன ஜோலி?

காத்தாடி · 6 ஜனவரி 2025

தென் துருவ ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போகிற, ஸ்கீ மாட்டிய ஹெர்குலிஸ் விமானங்கள் எல்லாம் நியூயார்க் மாநிலத்து ஏர் நேஷனல் கார்டு ஓட்டுகிறதாம். ஒரு மாநிலத்துக்கு எதற்குத் தனியாக விமானப்படை? அதுவும் அண்டார்க்டிகாவில்? கவர்னர் நினைத்தால் பக்கத்து மாநிலத்தின் மேல் குண்டு போடலாமா? இங்கே மசோதாவில் கவர்னர் கையெழுத்து வாங்கவே உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது. அங்கே கையில் விமானத்தையே கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வழக்காடி · 6 ஜனவரி

அங்கே கவர்னர் ஓட்டு வாங்கி வருகிறவர். நம் கணக்கில் முதல்வர். அதை முதலில் மனதில் வையுங்கள்.

விமானம், உதிரி பாகம், எண்ணெய், பயிற்சிச் செலவு எல்லாம் மத்திய அரசுடையது. மாநிலத்துக்கு உள்ளது ஆட்கள் மீதான கட்டளை, அதுவும் எல்லா நேரத்திலும் இல்லை. மூன்று நிலை உண்டு (டைட்டில் என்பது மத்தியச் சட்டத் தொகுப்பின் பகுதி எண்).

மாநிலப் பணி: புயல், வெள்ளம், பனி. கவர்னர் கூப்பிடுவார், மாநிலமே சம்பளம் கொடுக்கும்.

டைட்டில் 32: கவர்னர் கட்டளை, மத்திய அரசுப் பணம். மாதாந்தரப் பயிற்சி எல்லாம் இதில்தான்.

டைட்டில் 10: ஜனாதிபதி கட்டளை, மத்திய அரசுப் பணம். போர், வெளிநாட்டுப் பணி. இதில் போய்விட்டால் கவர்னருக்கு ஒரு பேச்சும் கிடையாது.

அதே ஆள், அதே விமானம், ஒரே வாரத்தில் மூன்று நிலையிலும் இருக்கலாம். 50 மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள் என்று மொத்தம் 54 நேஷனல் கார்டுகள். டி.சி.க்குக் கவர்னர் இல்லாததால் அங்கே எல்லா நேரமும் ஜனாதிபதிதான்.

காத்தாடி · 6 ஜனவரி

கவர்னர் "என் ஆட்களை அனுப்ப மாட்டேன்" என்று அடம்பிடித்தால்?

வழக்காடி · 7 ஜனவரி

பிடித்தார்கள். 1980-களில் கார்டு பிரிவுகளைப் பயிற்சி என்ற பேரில் ஹோண்டுராஸ் பக்கம் அனுப்பியபோது சில கவர்னர்கள் மறுத்தார்கள். 1986-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு திருத்தம் கொண்டுவந்தது: பயிற்சியின் இடம், நோக்கம், வகை, கால அட்டவணை ஆகியவற்றைக் காரணம் காட்டி வெளிநாட்டுப் பணிக்கு ஒப்புதல் மறுக்கக் கூடாது. மினசோட்டா கவர்னர் ரூடி பெர்ப்பிச் வழக்குப் போட்டார். 1990-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எதிர்த்திசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1878-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ராணுவம் உள்நாட்டில் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. டைட்டில் 10-ல் இருப்பவர்களை அது கட்டும். கவர்னர் கையில் இருக்கும் கார்டைக் கட்டாது. கூட்டம் கட்டுப்படுத்த எந்த நிலையில் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தகராறு வருவது இதனால்தான்.

ஓடுபாதை · 7 ஜனவரி

நியூயார்க்கை வைத்தே பேசுவோம், அங்கே ஐந்து விங், அதாவது விமானப் பிரிவு, இருக்கிறது. நியூபர்க் பக்கம் ஸ்டூவர்ட்டில் 105, சி-17 சரக்கு விமானம். லாங் ஐலண்டில் கப்ரெஸ்கி தளத்தில் 106, மீட்புப் பணி. நயாகராவில் 107-ம் சிரக்யூஸில் 174-ம் எம்.க்யூ-9 ஆளில்லா விமானம். ஸ்கொஷியாவில் ஸ்ட்ராட்டன் தளத்தில் 109, அதுதான் காத்தாடி கேட்ட ஸ்கீ கோஷ்டி. இவை போக ரோம் என்ற ஊரில் கிழக்கு வான் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறை.

பழமையிலும் நியூயார்க் முன்னால். 1908-லேயே பலூன் கற்க ஒரு குழு இருந்தது. முறையான விமானப் பிரிவு 1915 நவம்பரில்: ரெய்னல் போலிங் என்ற கார்ப்பரேட் வக்கீல் மினியோலாவில் சேர்த்த முதல் ஏரோ கம்பெனி. அடுத்த வருடமே மெக்சிகோ புரட்சிக்காரர் பாஞ்சோ வில்லாவைப் பிடிக்க மெக்சிகோ எல்லைக்குப் போனார்கள்.

சுழலி · 8 ஜனவரி

போகவில்லை அண்ணே. வில்லாவைத் துரத்திய ஜெனரல் பெர்ஷிங்கோடு மெக்சிகோவுக்குள் போனது ராணுவத்தின் முதல் ஏரோ ஸ்குவாட்ரன். பேர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் இரண்டையும் குழப்புகிறார்கள். நியூயார்க் கம்பெனியை 1916 ஜூலையில் மத்தியப் பணிக்கு எடுத்தார்கள், எல்லைக்கு அனுப்பவே இல்லை. மினியோலாவிலேயே பயிற்சி கொடுத்துவிட்டுக் கலைத்தார்கள். 1917-ல் போர் வந்ததும் "கார்டு விமானப் பிரிவுகளைப் பிரிவுகளாக எடுக்கமாட்டோம், ஆட்கள் தனித்தனியாக வந்து சேருங்கள்" என்று போர்த்துறை முடிவெடுத்தது. போலிங் பிரான்சுக்குப் போய் 1918 மார்ச்சில் அமியான் அருகே தரையில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் செத்தார். வாஷிங்டனில் போலிங் ஃபீல்டுக்கு அவர் பேர்.

ஓடுபாதை · 8 ஜனவரி

சரி. ஆனால் வம்சாவளி அறுந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போருக்குப்பின் ஸ்டேட்டன் ஐலண்டில் மில்லர் ஃபீல்டில் 102-வது கண்காணிப்பு ஸ்குவாட்ரன் வந்தது. அதுதான் இன்று கப்ரெஸ்கியில் 102-வது மீட்பு ஸ்குவாட்ரன். 1940, 41-ல் நாடு முழுக்க இருந்த 29 கண்காணிப்பு ஸ்குவாட்ரன்களையும் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இன்றைய ஏர் நேஷனல் கார்டின் பிறந்தநாளாக 1947 செப்டம்பர் 18-ஐ வைத்திருக்கிறார்கள், விமானப்படை தனிப்படையான அதே நாள்.

காத்தாடி · 9 ஜனவரி

வரலாறு போதும் சார். ஸ்கீக்கு வாங்க.

சுழலி · 11 ஜனவரி

வருகிறேன், கொஞ்சம் நீளும்.

109-வது 1948-ல் பி-47 சண்டை விமானங்களோடு தொடங்கிய பிரிவு. 1960-ல் சரக்குக்கு மாறியது, 1971-ல் ஹெர்குலிஸ் வந்தது. கிரீன்லாந்தின் பனிமேட்டின் மேலே டை-2, டை-3 என்று இரண்டு எச்சரிக்கை ரேடார் நிலையங்கள் இருந்தன, சோவியத் குண்டுவீச்சு விமானம் துருவம் தாண்டி வருகிறதா என்று பார்க்க. சாலை கிடையாது, துறைமுகம் கிடையாது. எண்ணெய் முதல் எல்லாம் ஸ்கீ விமானத்தில்தான் போகவேண்டும். அலாஸ்காவில் விமானப்படை ஸ்குவாட்ரன் ஒன்று பார்த்துவந்த அந்த வேலையை 1975-ல் 109-க்குத் தள்ளினார்கள். 1980-களின் கடைசியில் ரேடார்கள் மூடப்பட்டன. நியாயமாக ஸ்கீயும் அதோடு போயிருக்கவேண்டும்.

போகாததற்குக் காரணம் அண்டார்க்டிகா. அங்கே 1955 முதல் கடற்படையின் வி.எக்ஸ்.இ-6 ஸ்குவாட்ரன் பறந்துகொண்டிருந்தது. பனிப்போர் முடிந்ததும் கடற்படைக்கு அந்தச் செலவு உறுத்தியது. உலகத்தில் வேறு யாரிடமும் பெரிய ஸ்கீ விமானமும் ஓட்ட ஆளும் சேர்ந்து இல்லை, ஸ்கொஷியாவில் மட்டும் இருந்தது. 1988-லிருந்தே கடற்படைக்குத் துணையாகப் போய்வந்தவர்கள், 1999-ல் முழுப்பொறுப்பையும் வாங்கிக்கொண்டார்கள். செலவைத் தேசிய அறிவியல் நிறுவனம் திருப்பித் தருகிறது. இன்று மொத்தம் 10 எல்.சி-130 (ஸ்கீ மாட்டிய ஹெர்குலிஸின் பேர்), உலகில் அவ்வளவுதான்.

ஸ்கீ விவரம். பக்கத்து ஸ்கீ இரண்டும் தலா சுமார் 6 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். மூக்கு ஸ்கீ 3 மீட்டர் நீளம். அடிப்பக்கம் டெஃப்லான் பூச்சு. மேடு பள்ளத்துக்கு ஏற்ப முனை மேலும் கீழும் ஆடும்: பக்கத்து ஸ்கீ 8 டிகிரி மேலே, 15 டிகிரி கீழே.

எல்லோரும் கேட்பது குளிர். குளிர் ஒரு பாதிதான், பனியின் தன்மைதான் முழுப்பிரச்சினை. ஸ்கீ வழுக்குவது உராய்வில் உருகும் மெல்லிய நீர்ப்படலத்தால். துருவத்தில் மைனஸ் 50-ல் அந்தப் படலமே உண்டாகாது. பனி காய்ந்த ஆற்றுமணல் மாதிரி இழுத்துப்பிடிக்கும். அடுத்த கோடியில், கிரீன்லாந்து ஜூலை மதியம், பனி இளகி ஸ்கீயின் அடியில் ஒட்டும். நடுவாந்தரக் குளிர்தான் உத்தமம். அதனால் கோடையில் வேலையை ராத்திரிக்கு மாற்றுவார்கள். வெளிச்சம் எப்படியும் இருக்கிறது, பனி இறுகியிருக்கும்.

நின்றால் இன்னொரு தொல்லை. வந்து நின்ற சூட்டில் ஸ்கீயின் கீழே கொஞ்சம் உருகி, உடனே உறைந்து பிடித்துக்கொள்ளும். 1956 அக்டோபர் 31-ல் தென் துருவத்தில் முதன்முதல் இறங்கிய கடற்படை டகோட்டா விமானம் 49 நிமிடம்தான் நின்றது, அதற்குள் ஒட்டிக்கொண்டது. 15 ராக்கெட்டுகளையும் கொளுத்தித்தான் கிளம்பினார்கள்.

காத்தாடி · 11 ஜனவரி

ராக்கெட்டா?!

சுழலி · 11 ஜனவரி

ஆமாம், ஜேட்டோ என்பார்கள். கெட்டி எரிபொருள் அடைத்த உருளை. எல்.சி-130-ல் பின்பக்கக் கதவுகளின் அருகே பக்கத்துக்கு நான்கு, மொத்தம் 8. ஒவ்வொன்றும் 1,000 பவுண்டு உந்துவிசை, சுமார் 15 விநாடி. கொளுத்தினால் நிறுத்தமுடியாது, ஒரு தடவைதான். வேகம் ஓரளவு வந்தபின் கொளுத்தவேண்டும். நின்ற இடத்திலேயே கொளுத்தினால் பாதி சக்தி ஸ்கீயைப் பிடுங்குவதிலேயே போய்விடும்.

ஓடுபாதை · 12 ஜனவரி

அந்த ராக்கெட் உயிர்காத்த கதையை மட்டும் சொன்னால் எப்படி. 1971 டிசம்பரில் டி-59 என்ற இடத்தில் கடற்படை எல்.சி-130 ஒன்று மேலெழும்போது ஜேட்டோ உருளை ஒன்று கொக்கி கழன்று பறந்து எஞ்சினிலும் ப்ரொப்பெல்லரிலும் அடித்தது. ஆட்கள் பிழைத்தார்கள். விமானம் அங்கேயே பனியில் புதைந்தது. 15 வருடம் கழித்துத் தோண்டியெடுத்து, சரிசெய்து, 1988 ஜனவரியில் பறக்கவைத்தார்கள். ஆனால் அந்த மீட்பு வேலைக்கு உதிரி பாகம் கொண்டுபோன இன்னொரு எல்.சி-130, 1987 டிசம்பரில் அதே இடத்தில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். மீட்டது சரியா என்று இன்றுவரை வாதம் உண்டு. என்னைக் கேட்டால் சரியில்லை.

சுழலி · 12 ஜனவரி

கணக்கும் அவர்கள் பக்கம் இருந்தது. பழுதுபார்க்கும் செலவு புது விமானத்தின் விலையில் ஒரு சிறுபகுதி. இரண்டு உயிர் அந்தக் கணக்கில் வராது என்பது உண்மை.

இப்போது ஜேட்டோ தேவை குறைந்துவிட்டது. உருளைகளின் உற்பத்தி நின்று, கையிருப்பு தீர்ந்துகொண்டு வந்தது. அதற்குப் பதிலாக நான்கு இலை ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு எட்டு இலை வைத்த என்.பி-2000 மாட்டினார்கள். குறைந்த வேகத்தில் விமானத்தை முன்னால் இழுக்கும் விசை கூடுதல். பனியில் முதல் சில நூறு மீட்டரில்தானே சங்கதி.

சுழலி · 14 ஜனவரி

விட்டுப்போன நடைமுறைகள்.

மேலெழும் முறை: மூக்கு ஸ்கீயை எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறார்களோ அவ்வளவு இழுவை குறையும். சுமார் 60, 65 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கிவிட்டுப் பின்ஸ்கீயில் ஓடுவார்கள். வேகம் ஏறாமல் ஒரே இடத்தில் முள் நின்றுவிட்டால் ஓட்டத்தைக் கைவிட்டு, திரும்பி வந்து, தாங்களே அழுத்தி வைத்த தடத்தில் மறுபடி ஓடவேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் பெரும்பாலும் கிளம்பிவிடும். அதுவும் ஆகவில்லையென்றால் எடையை இறக்கு, அல்லது வெப்பநிலை மாறும்வரை காத்திரு.

புது இடத்தில் இறங்கும் முறை: பனிப்பிளவு இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது, மேலே பனிப்பாலம் மூடியிருக்கும். அதனால் முதலில் ஸ்கீயைத் தரையில் அழுத்தி இழுத்துக்கொண்டே ஓடி, நிற்காமல் மேலேறி, சுற்றிவந்து தன் தடத்தையே பார்ப்பார்கள். தடத்தில் கறுப்பு ஓட்டை தெரிந்தால் வேறு இடம். சுத்தமாக இருந்தால் அதே தடத்தில் இறங்குவார்கள்.

சரக்கு இறக்கும் முறை: தொலைவான முகாம்களில் எஞ்சினை அணைப்பதில்லை. பின்கதவைத் திறந்து, விமானத்தை முன்னால் உருட்ட, பலகையோடு சரக்கு பின்னால் வழுக்கிப் பனியில் இறங்கும். எண்ணெய் என்றால் விமானத்தின் சொந்தத் தொட்டியிலிருந்தே குழாய் போட்டு இறக்கலாம்.

எரிபொருள்: சாதாரண ராணுவ ஜே.பி-8 மைனஸ் 47-ல் உறையத் தொடங்கும். அண்டார்க்டிகாவுக்கு ஏ.என்-8 என்ற வகை, மைனஸ் 58 வரை தாங்கும். இருந்தும் சுமார் மைனஸ் 50-க்குக் கீழே போக யோசிப்பார்கள். ஹைட்ராலிக் சீல் விறைத்துக் கசிய ஆரம்பிக்கும், கிரீஸ் மெழுகாகும். துருவ நிலையம் பிப்ரவரி நடுவில் மூடி அக்டோபர் கடைசியில் திறப்பதற்கு இதுதான் காரணம்.

1999 அக்டோபர் 16-ல் அந்த எல்லையை ஒட்டிப் போனார்கள். குளிர்காலம் முழுக்க அங்கே மாட்டிக்கொண்ட மருத்துவர் ஜெரி நீல்சனுக்கு மார்பகப் புற்றுநோய். வழக்கமான தேதிக்குக் காத்திருக்காமல் 109-ன் விமானம் இறங்கி அவரை ஏற்றிவந்தது. முழுப்பொறுப்பு வாங்கிய முதல் வருடமே இது.

நெடுந்தீவான் · 15 ஜனவரி

துருவத்துக்கு எண்ணெய் எல்லாம் விமானத்திலதான் போகுது எண்டு நினைக்கிறது பழைய கதை. அண்டார்க்டிகாக் கரையில இருக்கிற அமெரிக்கத் தளம் மக்மர்டோவில இருந்து துருவத்துக்கு டிராக்டர் தொடர் ஒண்டு ஓடுது, ஒருவழி 1,600 கிலோமீட்டருக்கு மேல. லெவரெட் பனியாற்றில ஏறிப் போகும். வழுவழுப்பான பிளாஸ்டிக் தகட்டுக்கு மேல ரப்பர் பையில எண்ணெய நிரப்பி இழுக்கிறது. போய்ச்சேர வாரக்கணக்கில எடுக்கும், ஆனா விமானப் பறப்புகள நல்லாக் குறைச்சிட்டுது. விமானம் அதே தூரத்த நேர்கோட்டில 1,350 கிலோமீட்டர், மூண்டு மணித்தியாலத்தில முடிக்கும். ஒரு நடைக்கு பத்து டன் சொச்சம்தான் ஏத்தலாம்.

சுழலி · 15 ஜனவரி

சரியாகச் சொன்னீர்கள். டிராக்டர் வந்தபின் விமானத்தின் மணிநேரங்களை ஆள், கருவி, உள்முகாம்களுக்குத் திருப்பமுடிந்தது. மேற்கு அண்டார்க்டிகாவின் முகாம்களுக்கு வேறு வழியும் இல்லை.

காத்தாடி · 18 ஜனவரி

ஒன்று உறுத்துகிறது. மாதம் ஒரு சனி ஞாயிறு, வருடம் 15 நாள் பயிற்சிக்கு வருகிறவர்கள் கார்டு என்று படித்தேன். இவ்வளவு நுணுக்கமான வேலையைப் பகுதிநேர ஆட்கள் செய்கிறார்களா? முழுநேர விமானப்படை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதா?

ஓடுபாதை · 18 ஜனவரி

அந்த "மாதம் ஒரு வார இறுதி" குறைந்தபட்சம். விமானிகள் அதற்கு மேல் தனிப் பறப்பு நாட்கள் போடுவார்கள், இல்லாவிட்டால் தகுதி காலாவதியாகும். ஒவ்வொரு விங்கிலும் கணிசமான பேர் முழுநேர ஊழியர்கள். ஸ்கீ பருவத்தில் மற்றவர்களும் வாரக்கணக்கில் போய்வருகிறார்கள்: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கிரீன்லாந்தில் கங்கர்லுஸ்ஸுவாக். மூடிய டை-2 ரேடாரின் பக்கத்திலேயே ரேவன் என்று ஒரு பயிற்சி முகாம். துருவத்துக்குப் போகும் விமானி முதலில் அங்கேதான் பனியில் ஓட்டிப் பழகவேண்டும்.

சுழலி · 19 ஜனவரி

காத்தாடி, நீங்கள் பலவீனம் என்று நினைப்பதுதான் இதில் பலம். முழுநேர விமானப்படையில் ஒரு அதிகாரி மூன்று வருடம் போல ஒரு இடத்தில் இருப்பார், பிறகு மாற்றல். ஸ்கீ விமானி ஒருவரைத் தலைவராக்க, பல பருவங்கள் வேண்டும். பனியின் நிறத்தைப் பார்த்து இழுவையை ஊகிப்பது கையேட்டில் வராது. கற்றுமுடிக்கும்போது மாற்றல் உத்தரவு வந்துவிடும். கார்டில் மாற்றல் கிடையாது. ஸ்கொஷியாவில் சேர்ந்தவர் இருபது வருடமும் ஸ்கொஷியாவிலேயே. ஒரே நேவிகேட்டர் ஒரே ஸ்கீ ஓடுபாதையின் ரேடார் பிரதிபலிப்பானைப் பல பருவம் பார்த்திருப்பார். மெக்கானிக்குக்கும் அதேதான்: எந்த வால்வு எந்தக் குளிரில் ஒழுகும் என்று வால் எண்ணை வைத்தே சொல்வார்.

இதற்கு விலையும் உண்டு. ஆள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால், அல்லது ஏர்லைன்ஸ் வேலைக்குப் போய் நாள் ஒதுக்கமுடியாமல் போனால், அந்த இருபது வருட அனுபவம் ஒரே நாளில் போகும். நிரப்ப உலகத்தில் இவ்வளவு பெரிய ஸ்கீ விமானம் ஓட்டும் வேறு ஸ்குவாட்ரன் இல்லை. விமானங்களிலும் மூன்று 1970-களில் செய்தவை. புது ஜே மாடல் கேட்டு நியூயார்க் எம்.பி.க்கள் வருடக்கணக்காகக் காங்கிரஸில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

வழக்காடி · 20 ஜனவரி

அண்டார்க்டிகாவில் ராணுவம் கூடாது என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1959 ஒப்பந்தத்தின் முதல் பிரிவு ராணுவ நடவடிக்கையைத் தடுக்கிறது, ஆனால் ஆராய்ச்சிக்கும் அமைதிப் பணிக்கும் ராணுவ ஆட்களையும் கருவிகளையும் பயன்படுத்தலாம் என்று அடுத்த வரியிலேயே சொல்கிறது. அங்கே இவர்கள் ஹவாயில் உள்ள பசிபிக் விமானப்படையின் கூட்டுப்படைக்குக் கீழே. மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கும் கவர்னர் துருவத்துக்குப் பறப்பு உத்தரவு போடுவதில்லை.

காத்தாடி · 26 ஜனவரி

சண்டை விமானம் வைத்திருந்ததே இல்லையா நியூயார்க்?

ஓடுபாதை · 27 ஜனவரி

நிறைய. கொரியப் போரில் கார்டை அவசரமாகக் கூப்பிட்டபோது தயார்நிலை மோசம் என்று தெரிந்தது. அதற்கு மருந்தாக 1953 மார்ச்சில் ஒரு சோதனை: சிரக்யூஸின் ஹான்காக் ஃபீல்டிலும் கலிஃபோர்னியாவின் ஹேவார்டிலும் கார்டு விமானிகள் ஓடுபாதை ஓரத்தில் ஜெட்டோடு காத்திருந்தார்கள், அடையாளம் தெரியாத விமானம் வந்தால் ஐந்து நிமிடத்தில் மேலே போக. அந்தச் சோதனைதான் வளர்ந்து நாட்டின் வான்காவலே கார்டு கையில் வந்தது. 1968-ல் நயாகராவின் 136-வது ஸ்குவாட்ரன் எஃப்-100-களோடு வியட்நாமில் துய் ஹோவாவுக்குப் போனது.

வேடிக்கையானது 1991 வளைகுடாப் போர். சிரக்யூஸின் 174-வது எஃப்-16-களின் வயிற்றில் 30 மி.மீ. பீரங்கிப் பெட்டியைக் கட்டி, டாங்கி வேட்டைக்கென்றே உள்ள ஏ-10 விமானம் செய்கிற வேலையை இதிலேயே செய்துவிடலாம் என்று பார்த்தார்கள். சுட்ட அதிர்வில் தொங்கலே ஆடி, குறி சிதறியது. எஃப்-16-ன் வேகத்தில் குறிபார்க்க நேரமும் போதவில்லை. போரில் ஒரு நாள் முயன்றுவிட்டுக் கழற்றிப் போட்டுக் குண்டுக்கே திரும்பினார்கள். ஏ-10-ன் பீரங்கியைச் சுற்றித்தான் விமானமே கட்டப்பட்டது, தனியாகத் தொங்கவிட்டால் அது வேறு ஆயுதம்.

வழக்காடி · 28 ஜனவரி

வான்காவலில் சட்டத்தைக் கவனியுங்கள். அலர்ட்டில் உட்கார்ந்திருக்கும் விமானி டைட்டில் 32. மணி அடித்து விமானத்தை நோக்கி ஓடும் அந்தக் கணத்தில் டைட்டில் 10 ஆகிவிடுகிறார். உத்தரவு முன்கூட்டியே தயாராக இருக்கும். தரை தொட்டதும் மறுபடி மாநிலத்து ஆள்.

ஓடுபாதை · 28 ஜனவரி

2001 செப்டம்பர் 11-ல் அதைப் பார்த்தோம். அன்று அமெரிக்கப் பெருநிலப்பரப்பு முழுக்க அலர்ட்டில் இருந்தது ஏழு தளங்களில் 14 சண்டை விமானம் மட்டுமே. ரோம் கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே நான்கு: மாசசூசெட்ஸ் கார்டின் ஓட்டிஸில் இரண்டு எஃப்-15, வர்ஜினியாவின் லாங்லியில் வட டகோட்டா கார்டின் இரண்டு எஃப்-16. பாஸ்டன் கட்டுப்பாட்டு மையம் காலை 8:38-க்குக் கொஞ்சம் முன்னால் விமானக் கடத்தல் என்று ரோமுக்கு போன் செய்தது. 8:46-க்கு ஓட்டிஸுக்கு உத்தரவு. அதே நிமிடம் முதல் விமானம் கோபுரத்தில் மோதிவிட்டது. 8:53-க்கு எஃப்-15-கள் மேலே இருந்தன. எட்டு நிமிடம் தாமதம் என்று திட்டுகிறவர்கள், அந்த அலர்ட் முறை கடலுக்கு அப்பாலிருந்து வரும் எதிரிக்காக அமைந்தது என்பதை மறக்கிறார்கள். ரேடாரும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. டி.சி. கார்டின் இரண்டு எஃப்-16 ஏவுகணை ஏற்ற நேரமில்லாமல், தேவைப்பட்டால் மோதியே நிறுத்துவது என்று கிளம்பின.

சுழலி · 2 பிப்ரவரி

106-ஐ யாரும் தொடவில்லையே. 1975-லிருந்து மீட்புப் பிரிவு. ஹெலிகாப்டருக்கு வானிலேயே எண்ணெய் நிரப்ப ஹெச்.சி-130 கூடவே வரும். கடற்கரைக் காவல்படையின் ஹெலிகாப்டர் எட்டாத தூரத்துக்கு இவர்களைக் கூப்பிடுவது அதனால்தான்.

அதே ஏற்பாடுதான் 1991 அக்டோபர் 30-ல் காலை வாரியது. தனியாகப் பாய்மரப் படகில் மாட்டிய ஒருவரைத் தேடிப் போன ஹெலிகாப்டர், அவரை எடுக்கமுடியாமல் திரும்பும்போது பெரும்புயலுக்குள் மாட்டியது. எண்ணெய்க் குழாயின் நுனியில் கூடை போன்ற ஒன்று இருக்கும்; ஹெலிகாப்டர் தன் மூக்குக் குழலை அதற்குள் செலுத்தவேண்டும். காற்றில் கூடை மீட்டர் கணக்கில் மேலும் கீழும் அடித்தது. திரும்பத் திரும்ப முயன்றும் மாட்டவில்லை. எண்ணெய் சுத்தமாகத் தீர்வதற்கு முன், எஞ்சின் இயங்கும்போதே கடலில் இறக்கவேண்டும். சக்தி இல்லாமல் அந்த அலையில் விழுந்தால் மிச்சம் இருக்காது. ஐந்து பேரில் நான்கு பேரைக் காவல்படைக் கப்பல் டமரோவா எடுத்தது. பாராரெஸ்க்யூ (பாராசூட்டில் குதித்து மீட்கும்) வீரர் ரிக் ஸ்மித் கிடைக்கவே இல்லை.

2017 ஏப்ரலில் நடு அட்லாண்டிக்கில் டமார் என்ற சரக்குக் கப்பலில் வெடிவிபத்து. 106-ன் பாராரெஸ்க்யூ ஆட்கள் ரப்பர் படகு, மருந்துப் பெட்டிகளோடு விமானத்திலிருந்து கடலில் குதித்து, கப்பலில் ஏறித் தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை பார்த்தார்கள்.

காத்தாடி · 3 பிப்ரவரி

இந்த மாதிரி நம் நாட்டில் இருந்ததே இல்லையா?

ஓடுபாதை · 4 பிப்ரவரி

பகுதிநேர விமானப்படை இருந்தது, மாநிலக் கட்டளையில் இல்லை. 1952-ல் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைச் சட்டம் வந்து, சில நகரங்களில் துணை ஸ்குவாட்ரன்கள் தொடங்கினார்கள். 53-வது ஸ்குவாட்ரன் மெட்ராஸுக்கு. 1960-களின் தொடக்கத்தில் ஏற்பாடே முடிந்துபோனது; சில எண்கள் மட்டும் வழக்கமான விமானப்படைக்குப் போயின.

நெடுந்தீவான் · 4 பிப்ரவரி

இலங்கைக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஒவ்வொரு மாநிலக் கார்டுக்கும் வெளிநாடு ஒண்டோட கூட்டு ஏற்பாடு இருக்கு, 1993-ல பால்டிக் நாடுகளோட துவங்கினது. மொன்டானா கார்டுக்கு 2021-ல இருந்து இலங்கையும் மாலைதீவும். பேரிடர் முகாமைத்துவம், விமானத்தில நோயாளிகள ஏத்திறது, இப்படிப் பயிற்சிகள். மாடு மேய்க்கிற மலைநாட்டுக்கும் எங்கட தீவுக்கும் என்ன பொருத்தம் எண்டு கேக்காதேங்கோ.

காத்தாடி · 9 பிப்ரவரி

கடைசியாக இரண்டு. துருவத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதானே, திசை எப்படிப் பார்க்கிறார்கள்? அப்புறம் இவர்கள் மக்மர்டோவுக்குக் கிளம்பும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் சாதாரண ஓடுபாதை. ஸ்கீயோடு எப்படி இறங்குகிறது?

சுழலி · 10 பிப்ரவரி

காந்தத் திசைகாட்டி அங்கே உதவாது. கிரீன்விச் தீர்க்கரேகைக்கு இணையாகச் சதுரக் கோடுகள் போட்ட கிரிட் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை வடக்கு என்று வைத்துக்கொள்வார்கள். மக்மர்டோ இருப்பது கிழக்கே 167 டிகிரி பக்கம். அதனால் அங்கிருந்து துருவத்துக்கு நேர் தெற்கே போகிற விமானத்தின் கிரிட் திசை சுமார் 347, கிட்டத்தட்ட வடக்கு. புது நேவிகேட்டருக்கு முதல் பாடமே இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

ஸ்கீயில் நடுவில் துளை உண்டு, சக்கரம் அதன் வழியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கான்கிரீட்டுக்கு ஸ்கீயை ஹைட்ராலிக்கில் மேலே தூக்கினால் சக்கரம் தரை தொடும். பனிக்கு ஸ்கீயைக் கீழே தள்ளினால் சக்கரம் துளைக்குள் அடங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் "ஸ்கீயா, சக்கரமா" என்று ஒருவர் கேட்டு மற்றவர்கள் உறுதிசெய்யவேண்டும். மாற்றி வைத்துக் கான்கிரீட்டில் இறங்கினால் டெஃப்லான் உரிந்து போகும், பனியில் இறங்கினால் சக்கரம் புதையும்.

ஓடுபாதை · 10 பிப்ரவரி

ஸ்கீ எடையும் காற்றுத்தடையும் சேர்ந்து வேகமும் குறைவு. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மக்மர்டோவுக்கு சி-17 ஐந்து மணி நேரம், இது எட்டு. நடுவழியில் "இனித் திரும்பினால் எண்ணெய் போதாது" என்ற புள்ளி வரும். அதற்கு முன் மக்மர்டோ வானிலை சரியில்லை என்று சேதி வந்தால் எட்டு மணி நேரம் பறந்து மறுபடி கிறைஸ்ட்சர்ச்சிலேயே இறங்குவீர்கள். அந்தப் புள்ளி தாண்டியபின் வானிலை கெட்டால், பிளவில்லாத தட்டையான பகுதி ஒன்றை மக்மர்டோவின் ஸ்கீ ஓடுபாதையான வில்லியம்ஸ் ஃபீல்ட் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே, நிமிடத்துக்கு சுமார் 200 அடி என்ற நிதானத்தில் தரை தட்டும்வரை இறங்கிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.